தஞ்சை ஆடலும் மைசூர் அரண்மனையும்: ராம் கோபால் வரலாறு

ராம் கோபால் என்னும் பெயர் இன்று மைசூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் இலண்டன், பாரிஸ், வார்சா, நியூயார்க் ஆகிய நகரங்களின் அரங்குகள் அப்பெயரால் நிறைந்தன. மேனாட்டு இதழாளர் அவரை ‘இந்தியாவின் நிஜின்ஸ்கி’ என்று அழைத்தனர். நிஜின்ஸ்கி என்பார் உருசிய நாட்டு பாலே நடனத்தில் தமக்கு ஒப்பாரின்றி விளங்கிய ஆடவர். நம்மவர் ஒருவரைப் புகழ வேண்டுமெனில் தம்மவர் ஒருவரின் பெயரைச் சூட்டினால்தான் மேனாட்டாருக்கு நிறைவு உண்டாகும் போலும். அது நிற்க.

ராம் கோபால் தமிழர் அல்லர்; கன்னடரும் அல்லர். தந்தையார் இராசபுத்திர மரபினர், வழக்கறிஞர். தாயார் பர்மிய நாட்டினர். பிறந்தது பெங்களூரில், 1912ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள். அவருக்குப் புகழ் தேடித் தந்த ஆடலோ நம் தஞ்சை மண்ணின் ஆடல். அவ்வாடலை அவருக்குக் கற்பித்தவர்கள் பந்தநல்லூரையும் காட்டுமன்னார்கோயிலையும் சேர்ந்த நட்டுவனார்கள். அவருக்கு முதன்முதலில் கைகொடுத்ததோ மைசூர் அரசகுடும்பம். ஆகவே மைசூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. அதனைச் சொல்லப் புகுமுன் நூறாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

காவிரி மைசூர் நாட்டைக் கடந்து தஞ்சைக்குப் பாய்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையின் கலைஞர் ஒருவர் அவ்வாற்றுக்கு எதிர்முகமாக மைசூருக்கு வந்தார். அவர் சின்னையா, தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தாருள் மூத்தவர். 1802இல் பிறந்தவர். நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் வளர்ந்தவர்கள். அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் மேடையில் கைக்கொள்ளப்படும் நிகழ்ச்சி முறையை வகுத்தவர்கள் இவர்களே எனக் கலை வரலாற்றார் கூறுவர். நம் ஆண்டு விழா மேடையில் சிறுமியர் சலங்கை கட்டி அலாரிப்பு ஆடும்போதெல்லாம் அந்நால்வரின் முறைதான் நம் கண்முன் நடைபெறுகிறது.

நால்வருள் வடிவேலு திருவாங்கூர் சென்று சுவாதித் திருநாள் மன்னரின் அவையை அணி செய்தார். சின்னையா மைசூருக்கு வந்தார். அப்போது மைசூரில் அரசு கட்டிலில் இருந்தவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். நாடாளும் வேலை குறைந்த அம்மன்னர், இசையிலும் கூத்திலும் ஓவியத்திலும் நூலாக்கத்திலும் தம் கருத்தைச் செலுத்தினார். ஆங்கிலேயர் செய்த அத்தீமையால் கலைக்கு ஒரு நன்மை விளைந்தது எனலாம். இன்று நாம் தசரா நாட்களில் விளக்கொளியில் கண்டு மகிழும் அரண்மனை அன்று இல்லை. 1897இல் தீக்கிரையான பழைய மர அரண்மனையின் காலம் அது. அவ்வவையில் சின்னையா ஆடல் பயிற்றினார். வர்ணங்களும் சாவளிகளும் தில்லானாக்களும் இயற்றினார். தெலுங்கில் ‘அபிநய லக்ஷணமு’ என்னும் நூலும் எழுதினார். ஆடலைப் பிறர்க்குக் கற்பித்ததோடு தாமே ஆடவும் வல்லவராக அவர் இருந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. 1856இல் அவர் மறைந்தார்.

இவ்வாறு மைசூரில் ஆடல் வேரூன்றியது. ஆனால் அதனைக் காத்து வளர்த்தவர்கள் தமிழரே என்று நாம் மார்தட்டிக்கொண்டால் அது வரலாறு ஆகாது. மைசூர் ஆடல் மரபின் பெருஞ்செல்வர் ஜட்டி தாயம்மா. 1857இல், அஃதாவது சின்னையா மறைந்த மறு ஆண்டில், மல்லர் குடும்பத்தில் பிறந்தவர். வடமொழியும் கன்னடமும் தெலுங்கும் வல்ல பண்டிதர்களிடம் பொருள் உணர்ந்து அபிநயம் பயின்று, 1947 வரை வாழ்ந்தார். அவர் மாணவி கே. வேங்கடலட்சம்மா கடூர்ப் பகுதியில் ஒரு லம்பாணிக் குடியிருப்பில் 1906இல் பிறந்தவர். கன்னட நாட்டுப் பெண்டிரின் முகத்திலும் கையிலும்தான் மைசூர் மரபு நிலைபெற்றது. கலை நமது, காவல் அவர்களது என்று பிரிப்பதுகூடச் சரியன்று. மூன்று தலைமுறை போற்றிய பின் கலையும் அவர்களுடையதே ஆகிவிடுகிறது.

1909இல் மைசூர் அரசு கோயில்களில் தேவதாசியர் பணியை நிறுத்தியது. அரண்மனையில் ஆடல் தொடர்ந்து நடைபெற்றது. எனினும் நாடெங்கும் சதிர் என்றாலே முகஞ்சுளிக்கும் காலமாக அது மாறிக்கொண்டிருந்தது. சென்னையில் இ. கிருஷ்ண ஐயர் போன்றோர் அக்கலைக்காக வழக்காடினர். மியூசிக் அகாதமி 1931இல் கல்யாணி புதல்வியரின் ஆடலை மேடையேற்றியது. 1935ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றில் ருக்மிணி தேவி முதன்முறையாக ஆடினார். சதிர் என்னும் பெயர் மங்கிப் பரதநாட்டியம் என்னும் பெயர் ஓங்கத் தொடங்கியது.

இத்தகைய காலத்தில், பெங்களூரில் செல்வமும் செல்வாக்கும் மிக்க ஒரு வழக்கறிஞரின் மகன், நான் ஆடப் போகிறேன் என்று கூறினால் வீட்டில் என்ன நிகழ்ந்திருக்கும்? உயர்குடிப் பெண் ஆடுவதே வியப்பாக இருந்த நாளில் ஓர் ஆண்மகன் ஆடுவதாவது! தந்தையார் தம் மகனும் சட்டம் பயில வேண்டுமென விரும்பினார்; ஆடலை வன்மையாக எதிர்த்தார். அந்நிலையில் துணை நின்றவர் மைசூர் யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார். மன்னர் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளவல். இசையிலும் நாடகத்திலும் ஈடுபாடு மிக்கவர். இளைஞர் ராம் கோபாலை அவர் தம் விருந்தினர் முன்னிலையில் ஆடச் செய்தார், ஊக்கினார். யுவராஜாவே பாராட்டிய பின் தந்தையாரின் எதிர்ப்புக்கு முன்போல் வலிமை இருக்க முடியுமா?

அக்காலத்து மைசூர் அரசவை பிறமொழிக் கலைஞரையும் வரவேற்ற இடம் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். நம் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அவ்வவையில் இருந்துதான் சாமுண்டேசுவரி அன்னை மீது கன்னடத்தில் 108 கீர்த்தனைகளை இயற்றினார். தமிழர் ஒருவர் கன்னடத்தில் பாட, பர்மியத் தாயின் மைந்தர் ஒருவர் தஞ்சை ஆடலுக்கு ஏங்க, எல்லாவற்றுக்கும் இடமளித்தது இந்நகரம்.

ராம் கோபால் முதலில் நாடியது கதகளியை. வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலத்தின் புகழ் பரவிவந்த காலம் அது. குஞ்சுக் குறுப்பு என்னும் பேராசானிடம் அவர் பயின்றார். பின்னர் அமெரிக்க நடன மாது லா மெரி இந்தியாவிற்கு வந்தபோது அவருடன் இணைந்து, தென்கிழக்காசிய நாடுகள் வழியாக ஜப்பான் வரை ஆடிச் சென்றார். ஜப்பானில் இருவரும் பிரிந்தனர். அயல்நாட்டில் தனித்து நின்ற இளைஞருக்கு அலெக்சாண்டர் யாந்தா என்னும் போலந்து நாட்டு எழுத்தாளர் உற்ற துணையானார். அவர் முயற்சியால் அமெரிக்காவிலும், பின் பாரிஸ், வார்சா நகரங்களிலும் ஆடும் வாய்ப்புகள் கிட்டின. 1938இல் நியூயார்க்கில் கார்ல் வான் வெக்டன் எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. கிரீடமும் தோள்வளையும் பூண்டு அவற்றில் நிற்கும் இளைஞரைப் பார்த்தால், நம் கோயில் மண்டபத்துச் சிற்பம் ஒன்று உயிர்பெற்று நிற்கிறதோ என ஐயுறுவோம்.

தோற்றப் பொலிவு ஒன்றே ஒருவரை ஆடலாசான் ஆக்கிவிடாது. அதனை அவரும் உணர்ந்திருந்தார் என்பதற்குப் பந்தநல்லூரே சான்று. தஞ்சை நால்வரின் மரபில் 1869இல் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவ்வூரில் வாழ்ந்துவந்தார். ருக்மிணி தேவிக்கும் சாந்தா ராவுக்கும் ஆசான் அவர். மேனாட்டு அரங்குகளைக் கண்டு வந்த ராம் கோபால், அம்முதியவரிடம் மாணவராக அமர்ந்தார். சின்னையா மைசூருக்கு வந்து நூறாண்டு ஆன பின், மைசூர் இளவரசரின் ஆதரவில் வளர்ந்த ஒருவர் அச்சின்னையாவின் மரபினரைத் தேடிக் காவிரிக்கரைச் சிற்றூருக்குச் சென்றார்! கலை வந்த வழியே மாணவர் திரும்பிச் சென்ற இச்செய்தியை நாம் எத்தனை முறை எண்ணினாலும் இன்பமே பிறக்கிறது.

பந்தநல்லூர் முறை எளிதன்று. நட்டுவனார் தட்டுமனையின் முன் அமர்ந்து தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். வாயால் சொற்கட்டு உரைப்பார். மாணவர் அரைமண்டியில் இருந்தவாறு தட்டடவு, நாட்டடவு என ஒவ்வொன்றையும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என மும்முறை ஆட வேண்டும். முழங்கால் பக்கவாட்டில் விரிய வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கை செல்லும் கோடு பிசகலாகாது. அடவுத் தூய்மைக்குப் பெயர்பெற்ற பாணி அது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசானுக்குரிய தகுதிகளை இளங்கோவடிகள் விரித்துரைத்துள்ளார். அத்தகுதிகள் ஏட்டோடு நின்றுவிடாமல் இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு உலவின என்பதற்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோரே விளக்கம். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளையிடமும் ராம் கோபால் பயின்றார். வடநாட்டுக் கதக்கையும் விட்டுவைத்தாரில்லை.

1939இல் இலண்டன் ஆல்ட்விச் அரங்கில் அவர் ஆடினார். அந்நகருக்கு இந்திய ஆடல் முற்றிலும் புதியதன்று. 1923இலேயே உதயசங்கர் அங்கே உருசிய நடனராணி அன்னா பாவ்லோவாவுடன் ஆடியிருந்தார். ஆனால் உதயசங்கர் பல மரபுகளின் சாயலை எடுத்துத் தமக்கெனப் புதியதொரு முறையைப் படைத்துக்கொண்டவர். ராம் கோபால் சென்ற வழி வேறு. பரதநாட்டியத்தைப் பரதநாட்டியமாகவும் கதகளியைக் கதகளியாகவும் கதக்கைக் கதக்காகவும் தனித்தனியே நிறுத்தி, ஒரே மாலைப்பொழுதில் அடுத்தடுத்துக் காட்டினார். இம்மரபுகளைப் பிரித்தறியும் பழக்கம் மேனாட்டு அவையோருக்கு வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கேதான் அவரது அமைப்புத் திறனை நாம் கருத வேண்டும். வர்ணம் ஒன்றை முறையாக ஆடினால் முக்கால் மணிக்குக் குறையாது. மொழி அறியாதார், பதம் பிரித்து விரிக்கும் அபிநயத்தை அத்துணை நேரம் பார்த்திருப்பரோ? ராம் கோபால் நிகழ்ச்சியைச் சிறு சிறு உருப்படிகளாக அமைத்தார். சிவதாண்டவம் ஒன்று, பொன்னிறச் சிறகு விரித்த கருடன் ஒன்று, மறையும் ஞாயிற்றின் ஆடல் ஒன்று, இடையே இசைக்கலைஞர் தனித்து வாசிக்கும் பகுதி ஒன்று. உடையிலும் அணியிலும் ஒளியமைப்பிலும் அவர் கொண்ட கவனம் பெரிது. மரபைச் சுருக்கிவிட்டார், பகட்டைக் கூட்டிவிட்டார் என்று குறைகூறுவோரும் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. வர்ணத்தை இழந்த பரதநாட்டியம் கோபுரம் மட்டும் உள்ள கோயில் போன்றது. ஆயினும் அயல்நாட்டார் அக்கோபுரத்தைக் கண்டதனால்தான் கோயிலைத் தேடிப் பின்னர் வந்தனர் என்பதையும் நாம் மறுக்க இயலாது.

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகப் போர் மூண்டது. 1940இல் யுவராஜா மறைந்தார். அவ்வாண்டிலேயே மன்னர் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரும் மறைந்தார். ஆதரவு நல்கிய ஒரு தலைமுறை இவ்வாறு ஓராண்டுக்குள் முடிந்தது. தாயகம் திரும்பிய ராம் கோபால் பெங்களூரில் ஆடற்குழுவை வளர்த்தார். மிருணாளினி சாராபாய் இளமையில் அவருடன் இணைந்து ஆடியவர். மிருணாளினி தம் கணவரான விக்ரம் சாராபாயைச் சந்தித்ததும் அந்நாளைய பெங்களூரில்தான். விக்ரம் அங்கே சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். முத்துக்குமார பிள்ளையின் மாணவி எம். கே. சரோஜாவும், பின்னாளில் கதக் கலையில் புதுநெறி கண்ட குமுதினி லாக்கியாவும் ராம் கோபாலின் குழுவில் ஆடியவர்களே. ஓர் ஆடலமைப்பாளரின் பெருமையை அவர் ஆடிய ஆட்டத்தினும் அவர் குழுவிலிருந்து எழுந்தவர்களைக் கொண்டு அளப்பதே நேரிய முறை என்பது நம் கருத்து.

போருக்குப் பின் மீண்டும் மேனாட்டுப் பயணங்கள். 1948இல் நியூயார்க்கில் நடந்த பன்னாட்டு நடன விழாவில் இந்தியக் கலையின் சார்பில் ஆடினார். அவ்வாண்டில் வெளிவந்த, சிவபெருமான் ஆடினார் என்று பொருள்படும் தலைப்புடைய ஆவணப் படத்தில் அவர் ஆடல் பதிவாகியுள்ளது. அதனை இயக்கியவர் சாரா எருல்கர் என்னும் இந்தியப் பிறப்புடைய பெண்மணி. இந்தியாவில் தொலைக்காட்சி தோன்றியதே 1959இல் தில்லியில்தான். நம் மாநிலத்திற்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகளாயின. ஆதலின் அத்தலைமுறை ஆடலரின் அசைவுகளை இன்று நாம் காண்பதற்கு இத்தகைய படச்சுருள்களே புகலிடம். எத்தனையோ பெரியாரின் ஆடல் ஒரு சுருளும் இன்றி மறைந்துபோயிற்று. தாயம்மா தம் இளமையில் அரண்மனையில் ஆடியதை இனி யார் காண்பார்?

1951இல் இந்திய ஆடல் குறித்து செரோஷ் தாதாசாஞ்சியுடன் சேர்ந்து ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். 1957இல் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். ஷாஜகான், மும்தாஜ் கதையைத் ‘தாஜ்மகால்’ என்னும் நாட்டிய நாடகமாக அமைத்து 1950களில் மேடையேற்றினார். 1960இல், இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாலே நடன நங்கை அலிசியா மார்க்கோவாவைக் கொண்டு ‘இராதா கிருஷ்ணா’ அமைத்தார். மார்க்கோவா இராதையாகவும் ராம் கோபால் கண்ணனாகவும் ஆடினர். பாலே ஆடுவோர் உடலை வானை நோக்கி எழச் செய்வர். நம் ஆடலில் பாதம் மண்ணை உறுதியாகத் தட்டும். இவ்விரண்டையும் ஒரே மேடையில் பொருத்துவது எத்துணை அரிய செயல் என்பதை ஆடல் பயின்றோர் அறிவர்.

இவ்வளவு சொல்லிய பின் ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஒலித்தது ராம் கோபாலின் பெயர். தட்டுக்கழி பிடித்த கைக்குரியவரின் பெயரை அங்கே எத்தனை பேர் கேட்டனர்? ஆடுவோர் முன்னே நிற்பர். ஆட்டுவிப்போர் ஓரத்தில் அமர்வர். இது மேடையின் இயல்பு. வரலாறு எழுதுவோரும் மேடையின் அவ்வியல்பையே பின்பற்றினால் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் முத்துக்குமார பிள்ளைக்கும் யார் நீதி செய்வது? தஞ்சை நால்வரின் உருப்படிகள்கூட நெடுங்காலம் குடும்பத்தார் நினைவிலும் ஏடுகளிலுமே இருந்தன. அம்மரபினர் அவற்றைத் தொகுத்துப் ‘பொன்னையா மணிமாலை’ என நூலாக்கியது 1961இல்தான். தம் ஆசான்மாரை ராம் கோபால் மறக்கவில்லை என்பது அவர் வரலாற்றில் நாம் காணும் நல்ல பக்கம். மறந்தவர் பிறர்.

மைசூரின் கதையும் இதற்கிடையே வளர்ந்தது. யு. எஸ். கிருஷ்ண ராவ், சந்திரபாகா தேவி என்னும் பெங்களூர்த் தம்பதியர், தாயம்மாவிடம் மைசூர் அபிநயத்தையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பந்தநல்லூர் அடவையும் பயின்றனர். கிருஷ்ண ராவ் தொழிலால் வேதியியல் ஆசிரியர்! 1965இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் ஆடற்கலையைக் கற்பிக்கத் தொடங்கியபோது அப்பொறுப்பை ஏற்றவர் வேங்கடலட்சம்மா. அரண்மனையில் மன்னர் முன்னிலையில் ஆடிய அவர், வகுப்பறையில் மாணவியருக்கு முத்திரை காட்டினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்று, 2002இல் மறைந்தார். சின்னையா மைசூர் மன்னரைப் பாடி அமைத்த உருப்படிகளை இன்றும் ஆடுவார் உளர். தமிழ் மண்ணில் பிறந்தவர் தெலுங்கு மொழியில் கன்னட நாட்டு மன்னர் மீது இயற்றிய பாடலை, எம்மொழியினர் ஆடினாலும் தாளம் பிசகுவதில்லை.

ராம் கோபாலின் பிற்காலம் பெரும்பாலும் ஐரோப்பாவில் கழிந்தது. இலண்டனில் ஓர் ஆடற்பள்ளியை நிலைநிறுத்த முயன்றார், அது நீடிக்கவில்லை. 1990இல் சங்கீத நாடக அகாதமி தன் உயரிய உறுப்பினர் சிறப்பை அவருக்கு அளித்தது. 1999இல் பிரித்தானிய அரசு ஓ.பி.ஈ. என்னும் விருதினை வழங்கியது. 2003ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், தொண்ணூறு அகவை நிரம்பியவராய் இங்கிலாந்தில் மறைந்தார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2002 சூலையில், இங்கே கர்நாடகத்தில் வேங்கடலட்சம்மா மறைந்திருந்தார். மைசூர் அரசவை ஆடலை நேரில் அறிந்த இருவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் மறைந்தனர்.